சூப்பிப் போத்தலில் வளர்ந்த காளை

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். லயத்துக்குப் பின்னால் ஒரு பட்டி போட்டுக் கறவைப் பசு ஒன்றும் காளை ஒன்றும் வளர்க்கிறோம். காளைக்கு இப்போது இருபது மாதம். தாய்ப்பசு இறந்துபோனதால் பிள்ளைகள் சூப்பிப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தார்கள். மணி என்று பெயரும் வைத்தார்கள். போன மாதம் என் மாமனார் தீனி வைக்கப் போனபோது, மணி அவரைச் சுவரோடு வைத்து முட்டியதில் இரண்டு விலா எலும்புகள் முறிந்துவிட்டன. சிவப்புத் துவாயைக் கண்டுதான் முட்டியது என்கிறார்கள் சிலர். கண்ணூறு என்கிறார்கள் சிலர். மூக்கணாங்கயிறு போட்டால் அடங்கிவிடும் என்கிறார்கள் மற்றவர்கள். விலை பேச வந்தவர் அளந்து பார்த்தபோது நெஞ்சுச் சுற்றளவு 64 அங்குலமும் உடல் நீளம் 52 அங்குலமும் இருந்தது. விற்க மனம் வரவில்லை. சினைப்பசுவும் கொஞ்ச நாளாகக் கறக்கும்போது உதைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, மணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. விலா எலும்பு முறிந்தவர்கள், மூச்சை ஆழமாக இழுத்தால் வலிக்கிறது என்பதற்காக மேலோட்டமாகவே சுவாசிப்பார்கள், இருமலையும் அடக்கிக்கொள்வார்கள். அதனால் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வரக்கூடும். உங்கள் பக்கத்துக் குளிரிலும் மழையிலும், அதுவும் வயதானவருக்கு, இது சிறிய விஷயமல்ல. ஆகவே வைத்தியர் கொடுத்த வலி மாத்திரையை நிறுத்தாமல், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது அவரை நிமிர்ந்து உட்காரவைத்து மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், சிறுநீரில் இரத்தம், வயிறு உப்பி வலித்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலைவரை காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். மாடு முட்டிய அல்லது உதைத்த வயிற்றில் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இனி மணி. நீங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். முன்னங்கால்களை ஒட்டிப் பின்னால் எடுத்த நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையைத் தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் மாட்டின் நிறை கிட்டத்தட்ட கிலோகிராமில் கிடைக்கும். மணியின் நிறை ஏறத்தாழ 320 கிலோ. உங்கள் லயத்தில் ஆறு பெரிய ஆட்களை ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு நான்கு கால்களும் ஒரு நெற்றியும் வைத்தால் எப்படியோ அப்படித்தான் மணியும். அவன் வேண்டுமென்று இடித்தானா, விளையாட்டுக்குத் தள்ளினானா என்பது விலா எலும்புக்குத் தெரியாது. தலையை ஒருமுறை சிலுப்பி ஈ விரட்டுகிற மாடுகூட, பக்கத்தில் குனிந்து நிற்பவரின் பல்லைத் தட்டிவிடும்.

ஆனால் அவன் பலத்தைவிட, பயமின்மைதான் எனக்குக் கவலை தருகிறது. தாயோடும் மற்ற மாடுகளோடும் வளரும் கன்று, தான் யார், தன் இனம் எது என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறது. பெரிய மாடுகளிடம் இடி வாங்கி எங்கே ஒதுங்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. தனியாக, மனிதர் கையில் பால் குடித்து வளரும் காளைக்கன்றுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. அதற்கு நீங்களெல்லாரும் மாடுகள்தான். பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அது முதிர்ந்து, மந்தையில் தன் இடம் எது என்று பார்க்கத் தொடங்கும்போது, இன்னொரு காளையோடு மோதிப் பார்க்க வேண்டிய மோதலை உங்கள் மாமனாரோடு மோதிப் பார்க்கிறது. பிள்ளைகள் சின்ன வயதில் மணியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். கன்று திருப்பித் தள்ளும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நாற்பது கிலோவில் சிரிப்பாக இருந்த அதே தள்ளல்தான் இப்போது 320 கிலோவில் வந்திருக்கிறது.

கறவை மாட்டினங்களின் காளைகள், குறிப்பாக ஜேர்சிக் காளைகள், பார்வைக்குச் சிறியவையாக இருந்தாலும் குணத்தில் மிகவும் நம்பத்தகாதவை என்பது மாட்டோடு பழகியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஆரம்ப காலத்தில் நானும் இப்படி ஒரு ஜேர்சிக் காளையை நம்பினேன். மூன்று மாதமாக என் கையிலிருந்து உப்பு நக்கிய காளை அது. ஒருநாள் முதுகைக் காட்டி வாளியை எடுக்கக் குனிந்தேன். அடுத்து நான் பார்த்தது கானுக்குள்ளிருந்து வானத்தை. இன்றும் படிக்கட்டு இறங்கும்போது இடது முழங்கால் அந்தக் காளையை ஞாபகப்படுத்தும்.

சிவப்புத் துவாய் பற்றி: மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரிவதில்லை. அதைக் கலைப்பது நிறமல்ல, அசைவு. நீங்கள் மலையிலிருந்து வரும்போது இடுப்பில் கட்டியிருக்கும் படங்கு காற்றில் படபடத்தாலோ, மழை நாளில் தலையில் போட்ட பொலித்தீன் சரசரத்தாலோ, தினமும் பார்க்கும் உங்களையே மாடு யாரோ என்று மிரளும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் சிறிது இடம் அதற்குத் தெரியாது. தரையின் ஆழத்தையும் அது சரியாகக் கணிப்பதில்லை. அதனால்தான் ஒரு நிழலையோ நீர் தேங்கிய கானையோ கண்டு திடீரென்று நின்றுவிடும். காதோ நம் காதுக்கு எட்டாத கீச்சு ஒலிகளையும் கேட்கும். கூரைத் தகரத்தில் கல் விழும் சத்தம் நமக்கே தூக்கிவாரிப்போடுகிறதென்றால் அதற்கு எப்படியிருக்கும் என்று பாருங்கள். கண்ணூறு கழிப்பதை நான் தடுக்கவில்லை. கழித்துவிட்டு, கீழே சொல்வதையும் செய்யுங்கள்.

மூக்கணாங்கயிறு மட்டும் போதாது. கயிறு மாட்டை இழுக்கவும் திருப்பவும் உதவும். முன்னோக்கி வரும் மாட்டைத் தள்ளி நிறுத்த உதவாது. ஒருவர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால், மணி தலையைக் குனிந்து முன்னே வரும் நேரத்தில் அந்தக் கயிறு தொய்ந்து வெறும் நூலாகிவிடும். போட்டே ஆக வேண்டுமானால் மிருக வைத்தியரைக் கொண்டு துளையிட்டு, தலைக்கயிற்றோடு சேர்த்து, இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் கயிறு பிடித்துத்தான் அவனைக் கொண்டு போக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. மாடு பாய்ந்தால் சுற்றிய கயிறு இறுகி விரலைத் தோலோடு உரித்துக்கொண்டு போகும். விரலே போனவர்களும் உண்டு. மடித்துப் பிடியுங்கள், சுற்றாதீர்கள். கம்பத்தில் கட்டும்போதும், நுனியை இழுத்தால் உடனே அவிழும் உருவுசுருக்குப் போடுங்கள். சரிவில் வழுக்கி விழுந்த மாடு கழுத்து இறுகித் துடிக்கும்போது முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது.

என் தெளிவான அபிப்பிராயம், மணி காளையாகவே உங்கள் லயத்தில் இருக்கக்கூடாது என்பதுதான். பசுவைச் சினைப்படுத்துவதற்கு அரச மிருக வைத்திய அலுவலகத்தின் மூலம் செயற்கை முறைச் சினைப்படுத்தல் கிடைக்கும்போது, வீட்டில் காளை வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. இருபது மாதத்திலும் காயடிக்கலாம். ஆனால் வலி தெரியாமல் மருந்து கொடுத்து மிருக வைத்தியர்தான் செய்ய வேண்டும். காயடித்ததும் மறுநாளே அவன் சாதுவாகிவிடுவான் என்று எண்ண வேண்டாம். அவன் வேகம் தணியச் சில வாரங்கள் செல்லும்; அதோடு, முட்டினால் மனிதர் விழுவார்கள் என்று அவன் ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டான், அந்தப் படிப்பை எந்தச் சத்திர சிகிச்சையாலும் அழிக்க முடியாது. விற்பதானால், முட்டிய கதையை வாங்குபவரிடம் முழுவதும் சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் அடுத்த விலா எலும்பு இன்னொரு குடும்பத்தில் முறியும். அடித்துத் திருத்தப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அடியை அவன் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டான், சண்டைக்கு அழைப்பாகவே எடுத்துக்கொள்வான்.

அதுவரை அவன் அடைப்புக்குள் யாரும் தனியாக நுழையக்கூடாது. தீனித் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் வெளியிலிருந்தே நிரப்பும்படி மாற்றியமைக்கலாம். சவுக்குக் கம்பும் இரண்டு நாள் வேலையும் போதும். லயத்துச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே பட்டி போடுவதுதான் நம் பக்கத்து வழக்கம், வேறு இடமும் கிடைப்பதில்லை. அதனால் மூலையில் மாட்டிக்கொண்டவருக்குப் போக வழியே இருப்பதில்லை. ஒரு மூலையில் ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு சந்து விடுங்கள். மனிதர் பக்கவாட்டில் நழுவி வெளியேறலாம், மாடு வர முடியாது. உங்கள் மாமனாருக்கு அன்று அந்தச் சந்து இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

காளை முட்டப்போவதை முன்கூட்டியே காட்டும். நேராக வருவதற்கு முன் தன் உடம்பின் நீளம் முழுவதும் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நிற்கும். முதுகு வளையும், கழுத்து தடிக்கும், முகவாய் நெஞ்சோடு ஒட்டும், விழி பிதுங்கும். முன்னங்காலால் மண்ணைக் கிளறும், அடித்தொண்டையில் உறுமும். இதைப் பார்த்தால் ஓட வேண்டாம், முதுகையும் காட்ட வேண்டாம். அவனைப் பார்த்தபடியே பின்வாங்கி வெளியேறுங்கள். பாய்ந்துவிட்டால் கையிலிருக்கும் புல்லுக்கட்டையோ படங்கையோ அவன் முகத்துக்கு முன்னால் எறிந்துவிட்டு, பக்கவாட்டில் விலகி ஏறக்கூடிய எதிலாவது ஏறுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனால் வரமாட்டான் என்று நினைக்காதீர்கள். நமக்குத்தான் அங்கே கால் சிக்கும்.

பசு உதைப்பது வேறு கதை. ஒழுங்காகக் கறந்த பசு திடீரென்று உதைத்தால் முதலில் குணத்தைச் சந்தேகிக்காமல் மடியைச் சந்தேகியுங்கள். காம்பில் வெடிப்போ அட்டை கடித்த புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, திரியோ கட்டியோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது மடிநோய். எப்படியும் பசு சினை என்கிறீர்கள். கன்று ஈனுவதற்கு அறுபது நாட்கள் முன்னதாகக் கறவையை நிறுத்திவிட வேண்டும், அந்த நாள் நெருங்கிவிட்டதா என்று சினைப்படுத்திய சீட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள். பசுவின் உதை குதிரையின் உதைபோல் நேராகப் பின்னால் போவதில்லை. பின்னங்கால் முன்னே வந்து பக்கவாட்டில் அரைவட்டம் போட்டுச் சுழலும். ஆகவே எட்ட உட்கார்ந்து கையை நீட்டிக் கறப்பவருக்குத்தான் முழு வேகமும் விழும். தோளில் கைவைத்துப் பேச்சுக் கொடுத்து, கையை எடுக்காமலே விலாவழியாக மடிக்கு வந்து, உங்கள் தலை அதன் விலாவில் பட ஒட்டி உட்காருங்கள். உதைக்கப்போகும் தசை இறுகுவதை நெற்றியே உணரும். உதை விழுந்தாலும் அது அடியாக இல்லாமல் தள்ளலாகத்தான் இருக்கும். கோபத்தில் நாலு போடு போட்டால், மிரண்ட பசு அரை மணித்தியாலம்வரை பாலை இறக்காது, நட்டம் உங்களுக்குத்தான். பட்டிக்குள் ரப்பர் செருப்போடு போவதையும் நிறுத்துங்கள்; ஒரு குளம்பின் கீழ் நூறு கிலோவுக்கு மேல் இறங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சாதுவான மாடு காரணமில்லாமல் மூர்க்கமானாலும், குரல் கரகரத்து விடாமல் கத்தினாலும், எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் நின்றாலும், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட வேண்டாம். நாய் கடித்த மாட்டுக்கு விசர்நோய் வந்திருக்கலாம். எச்சில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மணியின் நடத்தை அப்படிப்பட்டதல்ல. ஒரு மாதமாகியும் நன்றாகத் தின்று நிற்கிறான்.

கடைசியாக, வரப்போகும் கன்று. ஈன்ற பசு முதல் சில நாட்களுக்குத் தன் எசமானையும் நம்பாது. பிள்ளைகளையும் வீட்டு நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். நாய் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால் இடி உங்களுக்குத்தான் விழும். பிறப்பது காளைக்கன்றாக இருந்தால் தாயிடமே குடிக்க விடுங்கள். சில மாதத்திலேயே மிருக வைத்தியரை அழைத்துக் காயடித்துவிடுங்கள். நெற்றியைத் தள்ளி விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். தடவ ஆசைப்பட்டால் தாடைக்குக் கீழே, கழுத்தில் தடவட்டும்.