காலில் தீக்காயம் பட்டவரை ரோபோ நடக்க வைக்குமா?

காலில் தீக்காயம் பட்டு நடை போன உங்கள் வீட்டுக்காரருக்கு ரோபோ நடைப்பயிற்சி பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கப்பாவுக்குத் தந்ததுங்க. ஆனால் அந்த மெஷினில் ஏறுவதற்கு முன்பே நாங்கள் மூன்று மாதத்தைத் தொலைத்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கவுந்தப்பாடிப் பக்கம். கரும்பாலையில் கொப்பரை இறக்கும்போது பாகு சிந்தி, அப்பாவுக்கு வலது முட்டியின் பின்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரை வெந்துபோனது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் காலை நீட்டினால் வலி, மடக்கினால் சுகம். "முட்டிக்கடியில தலகாணி வையி கண்ணு" என்பார். நானும் வைத்தேன். தழும்பு ஆற ஆறச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாது. முட்டி மடங்கின வாக்கிலேயே இறுகிவிட்டது, குதிகால் தரையில் படவில்லை. முட்டி நேராகவும் பாதம் செங்குத்தாகவும் நிற்க ஸ்பிளின்ட், அதாவது காலை மடங்காமல் பிடித்து வைக்கும் தாங்கி, கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் யாருமே அதைச் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் கோவையில் ஒரு பிசியோதெரபி மையத்தில் தினமும் இழுத்து நீட்டி, முட்டி ஓரளவு நிமிர்ந்த பிறகே ரோபோவில் ஏற்றினார்கள். நீளாத முட்டியை அது நிமிர்த்தித் தராது. மேலிருந்து தொங்கும் பெல்ட் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. இடுப்பு, முட்டி இரண்டிலும் உள்ள மோட்டார்கள் ஓடும் பட்டையின் மேல் காலை எடுத்து வைக்கின்றன. அப்பாவுக்கு வலியைவிட விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் பெரிது. விழ முடியாது என்று உறுதியானதும் மூன்றாம் நாளே வலது காலில் பாரம் போட்டார். அரை மணி நேரம், ஒரே சீரான நடை. கையால் பிடித்து நடத்துகிறவர் அதற்குள் களைத்துவிடுவார்.

பக்கவாதம், தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கே இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். தென்கொரியாவில், சியோலின் ஹன்காங் சேக்ரட் ஹார்ட் மருத்துவமனையில் தீக்காயம் பட்டவர்களிடமும் செய்து பார்த்து, நடை தேறியதாக எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஒட்டிய தோல் மெல்லிசு, காலில் கட்டும் பட்டை உரசினால் கொப்புளம் வந்துவிடும். அப்பாவுக்கு வந்து ஒரு வாரம் நிறுத்தினோம். ஒவ்வொரு நாளும் பட்டையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள்.

இப்போது அப்பா வரப்பு மேல் தனியாக நடக்கிறார், இறக்கத்தில் மட்டும் கை கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார் என்றால், ரோபோ எங்கே இருக்கிறது என்று அப்புறம் தேடலாங்க. முட்டிக்கடியில் தலையணை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு, ஸ்பிளின்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.