பம்ப் போச்சுன்னு போன்லயே சொல்லிட்டாங்களா?

கேள்வி: எங்க வீட்டு டிஷ்வாஷர் வாங்கி மூணு வருஷம் ஆகுது. ரெண்டு வாரமா ஓடும்போது நடுநடுவுல கர்ர்ர்ன்னு ஒரு சத்தம், மிக்ஸியில கல்லு மாட்டுன மாதிரி. பாத்திரம் என்னவோ சுத்தமாத்தான் வருது. மெக்கானிக்குக்கு போன் பண்ணா, வந்து பாக்காமலே பம்ப் போயிருக்கும் மாத்தணும்ங்கிறாரு. மாத்தித்தான் ஆகணுமா? வீட்டுலயே ஏதாவது செஞ்சு பாக்கலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவசரப்பட்டு பம்ப்புக்கு காசு குடுத்துடாதீங்கம்மா. பாத்திரம் சுத்தமா வருதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்போ கழுவுற பம்ப் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். முதல்ல அந்த சத்தம் எப்போ வருதுன்னு ஒரு தடவை பக்கத்துல உக்காந்து கேளுங்க. தண்ணி சுழன்று அடிக்கும்போது வருதா, இல்ல அழுக்குத் தண்ணிய வெளிய தள்ளும்போது வருதா? ஏன்னா உள்ள ரெண்டு வேலைக்கு ரெண்டு பம்ப் இருக்கு. வெளிய தள்ளுறப்ப மட்டும் கர்ருன்னா அந்த சின்ன ட்ரெயின் பம்ப்புல ஏதோ சிக்கியிருக்குன்னு அர்த்தம், எங்க வீட்டுலயும் இதே சத்தம்தான், கடைசியில பாத்தா ஒரு புளியங்கொட்டையும் உடைஞ்ச கண்ணாடி டம்ளரோட ஒரு சில்லும் கெடந்துச்சு, அவ்வளவுதான்.

எடுக்குறது கஷ்டமில்ல. பிளக்கை பிடுங்கிருங்க, சுவிட்சை ஆஃப் பண்ணா மட்டும் போதாது. தண்ணிக் குழாயையும் மூடிட்டு கீழ் ட்ரேயை வெளிய எடுங்க. அடியில உருண்டையா இருக்கிற பில்டரை இடப்பக்கமா திருப்புனா கையோட வந்துடும். கீழ ஒரு குழி, அதுல கொஞ்சம் தண்ணி நிக்கும், பயப்படாதீங்க அது எப்பவும் நிக்கிறதுதான், ஸ்பான்ஞ்சால ஒத்தி எடுங்க. வெறுங்கையை மட்டும் உள்ள விட்றாதீங்க, கண்ணாடி இருந்தா கிழிச்சிரும், தடியான கிளவுஸ் போட்டுக்கோங்க. குழியோட பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், நிறைய மாடல்ல ஸ்பூன் காம்பால நெம்புனாலே வந்துடும், சிலதுல ஸ்க்ரூ இருக்கும், மெஷினோட வந்த புக்குல படம் போட்டிருப்பாங்க பாத்துக்கோங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற குட்டி விசிறியை விரலால சுத்திப் பாருங்க. விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கித்தான் சுத்தும், உள்ள காந்தம் இருக்கிறதால அப்படி, அதைப் பாத்துட்டு பம்ப் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்காதீங்க. கொஞ்சம்கூட அசையலன்னாலோ, எதுலயோ உரசுனாலோ ஏதோ மாட்டியிருக்கலாம். முடி, நார், முருங்கைக்காய் சக்கை எல்லாம் அதுல சுத்திக்கிட்டு கெடக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒண்ணு ரொம்ப முக்கியம், பில்டரை லாக் ஆகுற வரைக்கும் திருப்பணும். பாதியில விட்டா அந்த இடைவெளி வழியாத்தான் மறுபடி கடுகும் மிளகாய்க் காம்பும் உள்ள போகும், உங்களுக்கும் இப்படித்தான் போயிருக்கணும்னு எனக்குத் தோணுது.

கழுவும்போது டக் டக்னு ஒரே தாளத்துல வந்தா அது வேற விஷயம். தண்ணி பீச்சுற ஸ்ப்ரே ஆர்ம் தோசைக்கரண்டி காம்புலயோ பெரிய தட்டுலயோ இடிக்குது. பாத்திரம் அடுக்கினதும் கையால ஒரு சுத்து சுத்தி விட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும். எவர்சில்வர் டம்ளர் லேசா இருக்கிறதால ஒண்ணோட ஒண்ணு மோதியும் கலகலங்கும். அந்த ஆர்ம்ல இருக்கிற ஓட்டையையும் ஒரு ஈர்க்குச்சியால குத்தி விடுங்க. சிறுவாணி தண்ணி வர்ற வீடுன்னா பரவாயில்ல, போர் தண்ணின்னா உப்பு படிஞ்சு அடைச்சிக்கும், அதனால தண்ணியோட கடினத்தைக் குறைக்க மெஷின்ல போடுற டிஷ்வாஷர் உப்பை தீராம பாத்துக்கோங்க, சமையல் உப்பை அதுல கொட்டாதீங்க.

இதெல்லாம் பாத்தும் கழுவுற நேரம் முழுக்க ஊய்ங்னு சத்தம் ஏறிக்கிட்டே போனா பேரிங் தேஞ்சிருக்கலாம், அது மெக்கானிக் வேலை. வாரண்டி மிச்சம் இருந்தா அடிப்பக்கத்தை நீங்க கழட்டாதீங்க. ஆனா வர்றவர்கிட்ட சத்தம் எப்போ வருதுன்னு போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக் காட்டுங்கம்மா.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல டிஷ்வாஷர் தண்ணி எடுத்து நிறுத்தும்போது மட்டும் சுவருக்குள்ள டப்புன்னு இடி மாதிரி சத்தம். என்ன பண்ணலாம்?
- வாசகர், சென்னை

பதில்: மெஷின்ல கோளாறு இல்ல சார். உள்ள இருக்கிற வால்வு சடார்னு மூடும்போது வேகமா வந்த தண்ணி போக வழியில்லாம பைப்புல மோதுது. பிரஷர் பம்ப் வச்ச பில்டிங்ல இது சகஜம். மெஷினுக்கு போற குழாயை கொஞ்சம் மூடி வச்சுப் பாருங்க, தண்ணி வர்ற வேகம் குறைஞ்சா அடியும் குறையும். ரொம்ப மூடிட்டா தண்ணி பத்தாம மெஷின் எரர் காட்டி நின்னுடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. அப்பவும் நிக்கலன்னா பிளம்பரை கூப்பிட்டு, ஆடுற பைப்புக்கு கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்க.