பழைய இட்டேரிகளில் சைக்கிளை இறக்கலாமா?

கேள்வி இது: "கோவையிலிருந்து கொடுமுடிக்கு மூன்று நாள் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். தார் ரோட்டைக் குறைத்துக்கொண்டு, மேப்பில் மெல்லிய கோடாகத் தெரியும் பழைய மண் தடங்களில் போக முடியுமா? பாதியில் தடமே இல்லாமல் போனால் என்ன செய்வது?"

போகலாம். நான் ஏழெட்டு வருடமாக இந்தப் பக்கம் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தடம் போகுமா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, போகாவிட்டால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட வேண்டும். அதுவும் வீட்டில் உட்கார்ந்து, காலில் வலி இல்லாதபோது. ஒரு நாள் சாயங்காலம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

காங்கேயத்துக்குக் கிழக்கே, கண்ணபுரம் பக்கம் போகிற மாதிரி ஏழு கிலோமீட்டருக்கு ஒரு இட்டேரி மேப்பில் தெரிந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டித்தடம், அதுதான் இட்டேரி.) மணி மூன்றரை. தடம் பிரிகிற இடத்தில் ஒரு ஆத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்காத்தா, இந்தத் தடம் கண்ணபுரம் போகுங்களா?"

"போகுஞ் சாமி. கண்ணபுரம் தேருக்கு நாங்க மாடு ஓட்டிக்கிட்டுப் போனதே இதுலதான்."

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உள்ளே இறங்கிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த மாடுகள் போய் நாற்பது வருடம் ஆகியிருக்கும், அதை நான்தான் கேட்கவில்லை.

முதல் நாலு கிலோமீட்டர் அருமை. செஞ்சரளை, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்), அதில் வெள்வேல மர நிழலில் மாடுகள். அப்புறம் வேலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. ஹேண்டில்பாரில் உரசியது, பிறகு இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று, பிறகு ஒரு பள்ளம் குறுக்கே வந்தது, அதன் கரை இடிந்து ஆள் உயரத்துக்கு நின்றது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். "நாலு வந்தாச்சு, மூணுதானே பாக்கி" என்று பைகளைத் தனியாக, சைக்கிளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மறுகரை ஏறினேன். ஏறின இடம் முழுக்கக் காய்ந்த வெள்வேல முள். இரண்டு சக்கரமும் போயிற்று. கையில் இருந்தது ஒரே ஒரு ட்யூப், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. போன் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டே வந்து தார் ரோட்டைத் தொட்டபோது மணி எட்டேகால். பொழுது சாய்ந்த பிறகு அந்த மாதிரி வேலி ஓரத்தில் நடப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று விரியன் பாம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு நான் வழி கேட்கும் விதமே மாறிவிட்டது. "போகுங்களா" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் போகும் என்றுதான் சொல்வார்கள், வந்தவனை ஏமாற்றக் கூடாது என்கிற மரியாதை. அதனால் இப்போதெல்லாம் "இதுல எக்ஸெல் வண்டி போகுங்களா?" என்று கேட்கிறேன். டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் மாட்டுக்குத் தட்டுக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் தினமும் போகிற தடம் என்றால், பை மாட்டின சைக்கிள் கண்டிப்பாகப் போகும். பால்வண்டி வருமா என்று கேட்டால் இன்னும் நல்லது. ஆள் யாரும் இல்லையென்றால் தடத்தைப் பாருங்கள்: வண்டிச் சக்கரம் போன இரண்டு பள்ளத்துக்கு நடுவில், புல் இல்லாமல் வழவழப்பாக ஒற்றைக் கோடு ஓடினால் அது எக்ஸெல் கோடு. அந்தக் கோடு ஏதாவது ஒரு சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) திரும்பி, அதற்கு அப்புறம் தடத்தில் புல் மூடியிருந்தால் நானும் அங்கேயே நின்றுவிடுவேன். சாளையில் நாய் இருக்கும், இறங்கி சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள், குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும், வழியும் கிடைக்கும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியது சாட்டிலைட் படம். இட்டேரி மேலிருந்து பார்த்தால் இரண்டு பச்சைக் கோடுகளாக, நடுவில் மண் நிறமாகத் தெரியும். அந்த இரண்டு கோடும் எங்கே ஒன்றாகச் சேர்கிறதோ அங்கே வேலி தடத்தை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்துப் படத்தில் எல்லாமே பச்சையாக இருக்கும், ஒன்றும் புரியாது. கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் போட்டுப் பழைய தேதிகளுக்குப் போய், கோடையில் எடுத்த படத்தைப் பாருங்கள். சிலர் வருவாய்த்துறை புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கிறதே என்று சண்டைக்கே நிற்கிறார்கள். அது உரிமையைச் சொல்லும், அந்தப் பாதையில் இன்றைக்குச் சோளம் நிற்கிறதா என்று சொல்லாது.

உடுமலை, பூளவாடி, பல்லடம் பக்கம் வேறு ஒரு ஏமாற்று உண்டு. படத்தில் அகலமான, புத்தம் புதுச் சரளை ரோடு தெரியும். ஆசையாகப் போனால் ஒரு காத்தாடி மரத்தடியில் கொண்டுபோய் விட்டு முடிந்துவிடும், காற்றாலைக்குக் கிரேன் போவதற்காகப் போட்டது அது. கோட்டின் முனையில் வெள்ளையாக ஒரு புள்ளியும் நீளமான நிழலும் தெரிந்தால் அந்த ரோட்டை மறந்துவிடுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். நீங்கள் கிழக்கே போவதால் அது முதுகில் தள்ளும், நல்லது. ஆனால் திரும்பி வரும்போதும் சைக்கிள்தான் என்றால் கரூர் நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். அப்போது இட்டேரிதான் தெய்வம், ஆள் உயர வேலிக்கு நடுவில் காற்றே தெரியாது. வேகம் என்னவோ குறைவுதான். தார் ரோட்டில் மணிக்கு பதினெட்டு போகிற நான் இட்டேரியில் எட்டு போனால் அதிகம், எனவே எட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்றே கணக்குப் போடுகிறேன், தெரியாத தடமென்றால் இன்னும் அரை மணி.

முதல் தடவை என்பதால், இட்டேரி மட்டுமே என்று போகாமல் பாதிக்குப் பாதி வாய்க்கால் கரையில் போங்கள். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, மேட்டின் ஓரமாகவே வளைத்து வெட்டியதால் ஏற்ற இறக்கமே கிடையாது. வளைந்து வளைந்து போவதால் தூரம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருந்துறையிலிருந்து சென்னிமலைப் பக்கம் கரை வழியாக வந்தால் கொடுமணலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், சங்க காலத்தில் கல்மணி செய்த ஊர். கரைத் தடம் சில இடத்தில் நின்றுவிடும், பாலம் ஏறி மறு கரைக்கு மாறிக்கொண்டால் தொடரும். தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் கரை ஓரம் ஊறிக் கிடக்கும், சைக்கிளில் இருந்துகொண்டு போன் பார்க்காதீர்கள். நொய்யலைத் தாண்டும் தரைப்பாலங்களை ஐப்பசி, கார்த்திகையில் நம்ப வேண்டாம்.

மண்ணும் முக்கியம். காங்கேயத்துச் சரளை மழை விட்டு ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். கரிசல் அப்படியில்லை, பத்தடி உருண்டதும் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. மழை பெய்த அன்று கரிசல் தடத்தில் இறங்கவே கூடாது, மாட்டிக்கொண்டால் ஓரத்துப் புல் மேல் தள்ளுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக: நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, உள்ளே பஞ்சர் ஓட்டையை அடைக்கிற சீலன்ட், இரண்டு ட்யூப், புது சொல்யூஷன், முள் பிடுங்க ஒரு சின்னக் குறடு, மூன்று லிட்டர் தண்ணீர். 700 சைஸ் ட்யூப் கிராமத்துக் கடையில் கிடைக்காது, 28 இஞ்ச் ட்யூப் இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், ரிம் அளவே வேறு. பிரெஸ்டா வால்வு (ஒல்லியான வால்வு) என்றால் கடைக்காரர் பம்பும் பொருந்தாது, ஐம்பது ரூபாய் அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். காட்டுத் தடம் மட்டும் இந்தக் கணக்கில் வராது, சத்தியமங்கலம் பக்கம் புலிகள் காப்பகத்துக்குள் பழைய தடம் தெரிகிறதென்று அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், அங்கே யானை இருக்கிறது.

சரி, பாதியில் தடம் போய்விட்டால்? என் கணக்கு இது: சைக்கிளை ஒரு தடவை தூக்கலாம். இரண்டாவது தடவை தூக்க வேண்டி வந்தால் திரும்பிவிடுவேன், நூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும். மணி நாலு ஆகிவிட்டால் புதுத் தடத்தில் இறங்குவதே இல்லை. வேலியைத் தாண்டி ஒருவர் நிலத்துக்குள் போகலாமா என்று தோன்றினால் ஆளைக் கேட்டுவிட்டுப் போங்கள், வேலிக் கடவைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள், மாடு வெளியே போய்விட்டால் அவர்கள் ராத்திரி முழுக்கத் தேட வேண்டும்.

அந்தக் கண்ணபுரம் தடத்துக்குப் போன தை மாதம் மறுபடி போனேன், இந்தத் தடவை அந்தப் பக்கத்திலிருந்து, காலையில், முதலில் நடந்து. இடிந்த பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எக்ஸெல் கோடு ஒன்று வலது பக்கம் பிரிந்து, கொறங்காட்டு ஓரமாகச் சுற்றி, மேட்டில் போய் இட்டேரியிலேயே சேர்கிறது. அரை கிலோமீட்டர்கூட இல்லை. அன்றைக்கு நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.