கறுப்பின வரலாற்றுக்கென்று தனியாக ஒரு மாதம் எதற்கு?

அமெரிக்காவில் பிப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்களே, அதான் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, யார் யாரோ சொல்லும் சொந்தக் கதைகளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொஞ்ச காலம் இதே கட்சிதான். பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் தெரியும், மார்ட்டின் லூதர் கிங் தெரியும், போதாதா என்று இருந்தேன். என்னை மாற்றியது ஒரு காகிதப் பை.

அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் வளர்ந்தவர் கிளாடெட் கால்வின். அந்த ஊர்க் கடைகளில் கறுப்பினத்தவர் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்க விடமாட்டார்களாம். வீட்டிலேயே பழுப்புக் காகிதப் பைமேல் பாதத்தை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, அதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். இனப்பிரிவினைச் சட்டங்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அந்தக் கோடு போட்ட பை பதிந்த மாதிரி எதுவும் மனதில் பதியவில்லை.

அந்தப் பெண்ணை 1955 மார்ச் 2 அன்று, பள்ளி விட்டு வரும்போது, பேருந்தில் எழுந்திருக்கச் சொன்னார் ஓட்டுநர். வயது 15. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார், அவருக்காக அந்த வரிசையில் இருந்த நான்கு மாணவிகளும் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். சரி, மூன்று இடம் காலி, உட்காரலாம்தானே? உட்காரவில்லை. கறுப்பினப் பெண் இருக்கும் அதே வரிசையில் உட்கார்ந்தால் இருவரும் சமம் என்று ஆகிவிடுமே! கால்வினும் அசையவில்லை. போலீஸ் வந்து இழுத்து இறக்கி, கைவிலங்கு மாட்டி, பெரியவர்களை அடைக்கும் சிறையில் கொண்டுபோய் அடைத்தது. ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று.

ஏன் எழவில்லை என்று பின்னாளில் கேட்டபோது, ஒரு தோளை ஹாரியட் டப்மனும் இன்னொரு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் அழுத்திப் பிடித்திருந்த மாதிரி இருந்தது என்றார். இரண்டு பேருமே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராகப் போராடியவர்கள். அதற்கு முந்தைய பிப்ரவரியில்தான் அவர் பள்ளியில் கறுப்பின வரலாறு நடத்தியிருந்தார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட இதுதான்.

அந்தப் பிப்ரவரி வழக்கத்தை 1926இல் ஒரு வாரமாகத் தொடங்கி வைத்தவர் வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளிகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார், அவர்கள் சொன்ன உள்நாட்டுப் போர்க் கதைகளைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். வாரம் மாதமாகி, அரசு அங்கீகாரம் கிடைத்தது 1976இல்.

சரி, கால்வினை ஏன் நமக்குத் தெரியவில்லை? பேருந்துப் பிரிவினைக்கு எதிரான போராட்டத்துக்கு முகமாக அவரை நிறுத்தக் கறுப்பினத் தலைவர்கள் தயங்கினார்கள். சின்னப் பெண், ஏழைப் பேட்டையில் வீடு, நிறமும் கூடுதல் கறுப்பு, போதாததற்குச் சில மாதங்களில் கர்ப்பமாகிவிட்டார். நான் தலைவர்களை முழுசாகக் குறை சொல்லமாட்டேன். வழக்கும் போராட்டமும் ஜெயிக்க வேண்டுமே, எதிராளி எதைப் பிடித்து இழுப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஜெயித்த பிறகு வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்கு என்ன தயக்கம்? இத்தனைக்கும் மான்ட்கோமரி பேருந்துப் பிரிவினையை 1956இல் சட்டப்படி முடித்துவைத்த பிரௌடர் எதிர் கெய்ல் வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் கால்வினும் ஒருவர். ரோசா பார்க்ஸ் அந்த நால்வரில் இல்லை. எனக்கு இது தெரியவந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டேன்.

அதன்பின் கால்வின் நியூயார்க்குக்குப் போய், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக 35 வருடம் வேலை பார்த்து 2004இல் ஓய்வு பெற்றார். போலீஸ்காரரைத் தாக்கினார் என்று 1955இல் எழுதிய குற்றப்பதிவு மட்டும் நீதிமன்றக் கோப்பில் அப்படியே கிடந்தது. 2021இல், 82 வயதில், பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லி மனுப் போட்டு அதை அழிக்க வைத்தார்.