அப்பாவோட பழைய நெகட்டிவ்ஸை ஸ்கேன் பண்ண என்ன வாங்கலாம்?

கேள்வி: அப்பா யாஷிகாவில எடுத்த பிளாக் அண்ட் வைட் நெகட்டிவ், அப்புறம் கலர் நெகட்டிவ், கொஞ்சம் ஸ்லைடுன்னு ஒரு பெட்டி நிறைய கிடக்கு. ஆன்லைன்ல 22 மெகாபிக்சல்னு போட்ட குட்டி ஃபிலிம் ஸ்கேனர் சீப்பா வருது, வாங்கலாமா?

பதில்: வேணாங்க. அதுக்குள்ள இருக்கறது சின்ன சென்சார் கேமராதான், வெள்ளைச் சட்டை வெளுத்துப் போயிடும், நிழல்ல இருக்கற முகம் கருப்பா அடைச்சுக்கும். பெரும்பாலும் 35 எம்எம், இல்ல அதைவிடச் சின்ன ஃபிலிம்தான் உள்ளயே போகும்.

முதல்ல ஸ்கேல் வெச்சு ஃப்ரேமை அளந்து பாருங்க. 24க்கு 36 மில்லிமீட்டர்னா 35 எம்எம், கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் சதுரம்னா 120ங்கற அகலமான ரோல் ஃபிலிம். ரெண்டும் இருந்தா எப்சன் வி600 மாதிரி மூடியிலயும் லைட் இருக்கற ஃப்ளாட்பெட் (கண்ணாடி மேல படுக்க வெச்சு எடுக்கற) ஸ்கேனர் தேடுங்க, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவால்ல, ஆனா ஃபிலிமைப் பிடிக்கற ஹோல்டர் எல்லாம் கூட வருதான்னு கேட்டுட்டு வாங்குங்க. 6400 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி)ன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க, 2400க்கு மேல ஃபைல்தான் வீங்கும், படத்துல புதுசா ஒண்ணும் தெரியாது. 120க்கு அந்த 2400லயே 28 மெகாபிக்சல் கிட்ட வந்துடும். வெறும் 35 எம்எம்தான்னா பிளஸ்டெக் 8200i-ங்கற ஃபிலிம் ஸ்கேனர் இதைவிட ஷார்ப், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமா கையால தள்ளணும்.

வீட்ல டிஎஸ்எல்ஆர் இருக்கா? அப்ப கிட்டத்துல வெச்சு எடுக்கற 1:1 மேக்ரோ லென்ஸும் சிஆர்ஐ (லைட் நிறத்தை எவ்வளவு சரியா காட்டுதுங்கற அளவு) 95க்கு மேல உள்ள லைட் பேனலும் போதும், ரா ஃபைலா (கேமரா எதையும் மாத்தாத ஃபைல்) எடுத்து டார்க்டேபிள்ங்கற சாஃப்ட்வேர்ல இருக்கற நெகாடாக்டர்ல போட்டா நெகட்டிவோட கலர் சரியா திரும்பிடும், அது ஃப்ரீ. ஸ்கேனருக்கு வ்யூஸ்கேன்ங்கற சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்.

ஒண்ணு கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்கேனர்ல டஸ்ட் எடுக்கற 'டிஜிட்டல் ஐஸ்'ங்கற வசதியை பிளாக் அண்ட் வைட்டுக்கு ஆஃப் பண்ணிடுங்க. அது இன்ஃப்ராரெட் லைட் விட்டு எது மறைக்குதோ அதைத் தூசின்னு எடுத்துக்கும், கலர் ஃபிலிம்ல இருக்கற சாயத்துக்குள்ள அந்த லைட் போயிடும், ஆனா பிளாக் அண்ட் வைட்ல படமே வெள்ளித் துகள், அது மறைக்கும், உடனே அப்பாவோட முகத்தையே அழுக்குன்னு நெனச்சு நோண்டிடும். பிளாக் அண்ட் வைட்ல தூசிக்கு ஊதற ப்ளோயர் மட்டும் போதும். பூஞ்சை பிடிச்சிருந்தா தண்ணி வெச்சுத் தொடைக்காதீங்க, எமல்ஷன், அதாவது படம் இருக்கற பூச்சு, கரைஞ்சு வந்துடும்.

எதுலயாவது வினிகர் வாசனை அடிச்சா அந்த ஃபிலிம் ஆசிட் ஆகிட்டு இருக்குன்னு அர்த்தம், அதைத் தனியா எடுத்து வெச்சு முதல்ல அதையே ஸ்கேன் பண்ணுங்க.