பென்சிலில் எழுதிய நேரங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் திடல்தடப் பயிற்றுவிப்பாளர் சென்ற மாதம் காலமானார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறோம். அதில் சாருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை. அவர் நாட்டுக்காக ஓடியவர் அல்லர். அவரிடம் பயின்ற எங்களில் யாரும் பெரிய பதக்கம் வாங்கியதும் இல்லை. மிகவும் கண்டிப்பானவர், மனம் நோகும்படி திட்டுவார். அதை எழுதலாமா, மறைக்க வேண்டுமா? "ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவரையே மறந்துவிட்டார்கள், இவரைப் பற்றி யார் படிக்கப்போகிறார்கள்?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் மகளிடம் சில புகைப்படங்களும் மூன்று பயிற்சிப் புத்தகங்களும்தான் இருக்கின்றன. புத்தகங்களில் எங்கள் ஓட்ட நேரங்களைப் பென்சிலில் குறித்து, பக்கத்தில் 'மழை', 'காய்ச்சல்', 'நோன்பு' என்று ஏதேதோ எழுதியிருக்கிறார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சாரின் குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்களைச் சொல்லுங்கள்.

வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அந்த இடத்தைத் தாண்டவே நெடுநேரம் ஆயிற்று. ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் 'நோன்பு' என்று ஏன் எழுத வேண்டும்? ரமலான் மாதத்து மாலையில், காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திடலுக்கு வந்து ஓடியிருக்கிறான் ஒரு பையன். வழக்கத்தைவிட நேரம் கூடித்தான் போயிருக்கும். பிற்பாடு அணியைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது வெறும் எண்ணைப் பார்த்து அவனை ஒதுக்கிவிடக் கூடாது என்றுதானே அந்த ஒரு சொல்லை எழுதிவைத்திருக்கிறார்? 'காய்ச்சல்' என்பதும் அப்படித்தான். முகத்துக்கு நேரே திட்டிய மனிதர் தாளில் உங்களுக்காக வாதாடியிருக்கிறார். நீங்கள் தேடும் வாழ்க்கை வரலாறு அந்த மூன்று புத்தகங்களில் இருக்கிறது. பிறந்த ஊர், படித்த பள்ளி, பணியில் சேர்ந்த ஆண்டு எல்லாம் ஒரு பத்தியில் அடங்கிவிடும்; அடங்கட்டும்.

உங்கள் நண்பர் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் டான் ஹாவ் லியாங் தமது 91ஆவது வயதில் மறைந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வென்று சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். அடுத்த பதக்கத்துக்கு நாம் 2008 பெய்ஜிங் வரை, 48 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மறைந்த செய்தி வந்தபோது எல்லோர் வாயிலும் வந்தது அந்த வெள்ளிதான். அதில் தவறில்லை. ஆனால் ரோமுக்குப் பிறகு அவர் 64 ஆண்டுகள் வாழ்ந்தார். டாக்சி ஓட்டினார். உணவகம் நடத்திப் பார்த்தார், கைகூடவில்லை. 1980களில் விளையாட்டு மன்றத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கு வந்தவர்களுக்குப் பளு தூக்கச் சொல்லிக்கொடுத்தார். உலகத்தின் இரண்டாவது இடத்தில் நின்ற ஒருவர், வேலை முடிந்து வந்த ஒரு குமாஸ்தாவிடம் முதுகை நிமிர்த்தித் தூக்கச் சொல்லியிருப்பார் அல்லவா? அந்தக் குமாஸ்தாக்கள் இன்று எழுபது வயதில் நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது போய்க் கேட்டோமா? மறந்துவிட்டோம் என்று குறைப்படுவதைவிட, கேட்காமல் இருந்துவிட்டோம் என்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பயிற்றுவிப்பாளர்கள் நிலை இன்னும் மோசம். நம் முன்னோர் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டினார்கள். அவன் தோளைப் பழக்கியவனைப் பற்றிக் கல் பேசுவதில்லை. இன்றும் அதே கதைதான். சி. குணாளனை நம் சமூகத்தில் அறியாதவர் குறைவு. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் வெள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடி. அந்தத் தேசியச் சாதனையை 2001இல் யு.கே. ஷியாம் 10.37இல் முறியடிக்கும்வரை 33 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. ஆனால் 1963 வரை குணாளன் ஓட்டக்காரரே அல்லர். 21 வயது. ஃபேரர் பார்க் திடலில் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, இந்தக் கால்கள் ஓட வேண்டியவை என்று கண்டுகொண்டவர் டான் எங் யூன். அவரும் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர்தான். 21 வயது என்பது விரைவோட்டத்துக்குப் பிந்திய வயது. இனிமேல் என்ன என்று அவர் நகர்ந்துபோயிருந்தால் அந்த 10.38 இல்லை. மறைந்த டான் எங் யூனின் பெயரைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் திடலுக்கும் வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இடமும் மாறி, ஆளும் போய்விட்டால், எழுத்தைத் தவிர நமக்கு வேறு எது மிஞ்சும்?

ஆகவே உங்கள் மலரைப் படிக்க ஆள் வருமா என்ற கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். முதல் வாசகர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள். அவர்கள் தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் பார்த்திருப்பார்கள். விசில் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி அந்தக் கண்டிப்பு. மறைக்காதீர்கள் என்பதே என் திடமான கருத்து. காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீயைப் பாருங்கள். 'அங்கிள் சூ' என்றால் என் தலைமுறைக்கு இன்றும் மரியாதை. இந்தோனீசியா, மலாயா, சிங்கப்பூர் மூன்றையும் பயிற்றுவித்தவர். 1977 மே மாதம் கோலாலம்பூரில், மலேசிய மாநிலங்களோடு சிங்கப்பூரும் ஆடிய மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றோம். 1965க்குப் பிறகு கிண்ணம் இங்கே வந்தது அப்போதுதான். வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். அந்தப் பருவத்தில் நீரிழிவுக்காரரான சூவின் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் முற்றி, கடைசியில் காலையே எடுக்க வேண்டிவந்தது. 1983இல் காலமானார். அவரிடம் ஆடியவர்கள் பேசும்போது அன்பும் அச்சமும் ஒரே மூச்சில் வரும். அச்சத்தை வெட்டிவிட்டு அன்பை மட்டும் அச்சடித்தால் அது யாரோ ஒருவரின் படம், அங்கிள் சூ அல்லர். உங்கள் சாரும் அப்படித்தான். உங்களை நோகடித்த சொல் எது, எந்த நாளில், அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அது இன்னும் வலித்தால் வலிக்கிறது என்றே எழுதுங்கள். நன்றிக்கடனுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அந்தப் பென்சில் எழுத்துகளைப் பார்த்தால், அவருக்கும் உங்கள் பொய் தேவைப்படாது.

ஓடாமலும் பயிற்றுவிக்காமலும் விளையாட்டுக்கு உழைத்தவர்கள் வேறு இருக்கிறார்கள். சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத் தலைவராக இருந்த வழக்கறிஞர் என். கணேசன் 2015இல் மறைந்தார். மலேசியக் கிண்ண ஆட்டங்களைச் சிறிய ஜாலான் புசார் அரங்கத்திலிருந்து, 55,000 பேர் அமரக்கூடிய காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோன துணிச்சல் அவருடையது. அந்த அரங்கத்தின் இரைச்சலைப் பற்றிப் பெருமை பேசுகிற நாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளியிலும் அப்படி யாராவது இருந்திருப்பார்கள்: திடலைக் கூட்டிச் சுத்தம் செய்தவர், கோடு போட்டவர், பயிற்சி முடியும்வரை உணவுக்கடையைத் திறந்துவைத்திருந்த அம்மா. சாரைப் பற்றி எழுதும்போது அவர்களும் வரட்டும்.

எழுதுவதற்குச் சில வழிகள் சொல்கிறேன். மாணவர்களிடம் "சார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்லவர், அர்ப்பணிப்பு மிக்கவர்" என்ற பதில்தான் வரும். இரங்கல் கூட்டத்தில் பேசுவதைப் போலவே பேசுவார்கள். "நீங்கள் தோற்ற அன்று அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஓடுவதற்கு முன் காதில் கடைசியாகச் சொன்னது என்ன, கைகளை எப்படி வீசச் சொன்னார் என்று கேளுங்கள். முடிந்தால் எழுந்து நின்று செய்துகாட்டச் சொல்லுங்கள். காற்பந்து வீரர் டோலா காசிம் 2010இல் மறைந்துவிட்டார். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் காப்பிக் கடையில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எதிராளியை ஏமாற்ற அவர் இடுப்பை எப்படி வளைத்தார் என்று நாற்காலியை விட்டு எழுந்து வளைத்துக் காட்டாமல் விடுவதில்லை. உடம்பு நினைவில் வைத்திருப்பது வாய் சொல்வதைவிடத் துல்லியமானது. உங்கள் தோழிகள் தொடக்கக் கோட்டில் விரல்களை ஊன்றிக் காட்டும்போது சாரின் கை அங்கே தெரியும்.

பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் நடந்த மாதங்களை அந்தப் புத்தகங்களிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அந்த மாதங்களின் தமிழ் முரசு, ஆங்கில நாளிதழ்களின் பழைய பிரதிகளைத் தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தேடுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழில் பதிவான நேர்காணல்களும் உண்டு. உங்கள் சார் அவற்றில் இல்லாமல் போனாலும், அந்தக் காலத்துத் திடல்களைப் பற்றி யாராவது பேசியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோன்பு வைத்துக்கொண்டு ஓடிய அந்தப் பையனைக் கண்டுபிடியுங்கள். பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பழைய மாணவர்களில் யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். தம் பெயருக்குப் பக்கத்தில் சார் இப்படி எழுதியிருக்கிறார் என்பது அவருக்கு இதுவரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் மலாயில் சொல்வதை மலாயிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரங்களை மலரில் வெளியிடுவதாக இருந்தால் உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காய்ச்சல் என்று எழுதப்பட்டவர் ஒருவேளை அதை விரும்பாமல் இருக்கலாம்.

பென்சில் எழுத்து நாளாக ஆக மங்கும். இந்த வாரமே பக்கம் பக்கமாக நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, மகளிடம் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு நகலை மட்டும் கொடுங்கள். அசல் புத்தகங்கள் அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.