பவளத் தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.8-க்கு மேல் ஏற மறுக்கிறது. பிஎச்சை ஏற்றும் பஃபர் பொடி போட்டும் பயனில்லை. என்ன செய்வது?

முதலில் அந்தப் பொடி டப்பாவை மூடி அலமாரியில் வையுங்கள். 'போட்ட அரை மணி நேரத்தில் 8.2 ஆகிறது, மறுநாள் காலையில் மறுபடியும் 7.8' என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த வரியிலேயே இருக்கிறது. தண்ணீரில் ஏதாவது குறைந்திருந்தால் பொடி போட்டதும் ஏறி அங்கேயே நின்றிருக்கும். ஏறியது இறங்குகிறது என்றால் இழுத்து இறக்குவது வேறொன்று. பெரும்பாலான வீடுகளில் அது அறைக் காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்து அமிலமாகும் கரியமில வாயு.

நான் வேதியியல் படித்தவள் அல்ல. கணக்கு வழக்கு பார்ப்பதுதான் தொழில். அந்தப் பழக்கத்தில் தொட்டியின் எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், அவ்வளவுதான். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன். 'பத்து வருடமாகப் பொடி போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பவர்களுடன் வாதாட நேரமில்லை.

உங்கள் நிலைமையை ஊகித்துச் சொல்லட்டுமா? அடுக்குமாடி வீடு. ஏசி ஓடும் கூடம். ஜன்னல்கள் மூடியே இருக்கும். காலையில் எழுந்ததும், தொட்டி விளக்கு எரிவதற்கு முன்பே பிஎச் மீட்டரை முக்குவீர்கள். கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை, டிகிரியில் அளப்பது) சோதனைப் பெட்டி வாங்கவே இல்லை, அல்லது வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிட்டீர்கள். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள், ஆனாலும் மேலே படியுங்கள்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஈசூனில் உள்ள நான்கறை வீடு. மூன்றடித் தொட்டி, கீழே உள்ள சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்து ஏறத்தாழ 200 லிட்டர். பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம், ஜன்னல்கள் திறந்திருக்கும். பிஎச் காலையில் 8.0, விளக்கு அணையும் நேரத்தில் 8.2-க்குச் சற்று மேல். இந்த ஏற்ற இறக்கம் இயல்பானது. வெளிச்சத்தில் பவளத்துக்குள் இருக்கும் பாசி கரியமில வாயுவை உண்ணும். இருட்டில் எல்லா உயிரும் அதை வெளிவிடும். அதனால் விடியற்காலை எண்ணை மட்டும் பார்த்துப் பதறக்கூடாது.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இங்கே எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அதோடு ஊரிலிருந்து வந்து விமானம் நின்றுபோனதால் மாட்டிக்கொண்ட மாமாவும் அத்தையும். ஆறு பேர் நாள் முழுக்க மூச்சுவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு, கணவருக்கு அலுவலக அழைப்பு, எல்லாருக்கும் ஏசி. சாதாரண வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளியே காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். கேஎச் மாறாமல் இருக்க, காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் கடல்நீரின் பிஎச் ஏறத்தாழ 0.3 குறையும். என் நோட்டில் அப்படியே வந்தது: காலையில் 7.75, மாலையில் 7.95. கேஎச் மட்டும் எட்டிலிருந்து அசையவில்லை.

அலங்கார மீன் கடைக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எண்களை அனுப்பினேன். 'பிஎச் 8.3 ஆக்கும் பொடி இருக்கிறது, இரண்டு டப்பா அனுப்பட்டுமா' என்று பதில் வந்தது. கேஎச் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நான்தான் எட்டு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்தக் கடைகளில் நான் கேள்வி கேட்பேன், பதிலை என் கணவரைப் பார்த்துச் சொல்வார்கள். அவருக்குக் கோமாளி மீனுக்கும் கப்பிக்கும் வித்தியாசம் தெரியாது. வண்டி ஓட்ட வந்தவர். 'சார், ஸ்கிம்மர் எத்தனை லிட்டருக்கு வேண்டும்' என்று அவரிடம் கேட்பார்கள், அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், கடைக்காரர் சிரிப்பார். தனியாகப் போனால் 'அண்ணன் வரவில்லையா' என்பார்கள். தொட்டி என்னுடையது, காசும் என்னுடையது. நகைக் கடையில் கணவரிடம் 'சாருக்கு என்ன காட்டட்டும்' என்று யாராவது கேட்கிறார்களா? சரி, விடுங்கள்.

பொடி வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு சோதனை செய்தேன், அதை நீங்களும் இன்றே செய்யலாம். தொட்டித் தண்ணீரை இரண்டு குவளைகளில் எடுங்கள். இரண்டிலும் சிறிய காற்று மோட்டார்களைப் போடுங்கள். ஒன்றை வீட்டுக்குள்ளும் மற்றதை வெளியே திறந்தவெளியிலும் வையுங்கள். ஒரு மணி நேரம் குமிழி விடட்டும். பிறகு இரண்டிலும் பிஎச் பாருங்கள். எனக்கு உள்ளே வைத்தது 7.8-லேயே இருந்தது. வாசல் நடைபாதையில் செருப்பு அலமாரிமேல் வைத்தது 8.15. தண்ணீர் ஒன்றே, காற்று மட்டும் வேறு. (மீட்டரை முதலில் 7, 10 என்ற இரண்டு சோதனைக் கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருடைய பிஎச் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.) வெளியே வைத்த குவளையிலும் பிஎச் ஏறவில்லை என்றால்தான் கேஎச் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு செய்தது எளிது. புரோட்டீன் ஸ்கிம்மர் (காற்றால் நுரை எழுப்பிக் கழிவை நீக்கும் கருவி) காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு குழாயை மாட்டி அதன் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் ஸ்கிம்மருக்கு மூச்சு முட்டும், நுரை குறைந்துவிடும். அதனால் ஸ்கிம்மருடன் வந்ததைவிடத் தடிமனான குழாயாக வாங்குங்கள். அந்த வாரத்திலேயே காலை எண் எட்டுக்குத் திரும்பியது. புகைமூட்ட மாதங்களில் மட்டும் குழாயைக் கழற்றிவிட்டு, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு நிரப்பிய குப்பி வழியாகக் காற்றை இழுக்க விடுகிறேன். அறுவை சிகிச்சையில் மயக்கமருந்துக் கருவியில் போடும் அதே குருணைதான். வெள்ளையாக இருப்பது தீர்ந்துபோனால் ஊதாவாக மாறும். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், விலையும் அதிகம். முதலில் ஜன்னலை முயலுங்கள்.

பொடி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எங்கள் குழுவில் ஒருவர் சாட்சி. பிஎச் இறங்க இறங்கப் போட்டார். அந்தப் பொடிகள் காரத்தன்மையைக் கூட்டுபவை, அதாவது ஏறுவது கேஎச். காற்றிலிருந்து கரியமில வாயு வந்து பிஎச்சைத் திரும்ப இழுத்துவிடும், ஏறிய கேஎச் அப்படியே தங்கும். ஒருநாள் அளந்தபோது அவருக்குப் பதிமூன்று. பம்பைக் கழற்றினால் உள்ளே காந்தச் சுழலியின்மேல் நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் பொருக்கு. அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளத்தின் நுனிகளில் தசை கரைந்து, தீக்குச்சி முனை அளவுக்கு வெறும் எலும்பு தெரிந்தது. பிஎச் அப்போதும் 7.9.

ஆகவே கவலைப்பட வேண்டியது கேஎச்சைப் பற்றித்தான். கடலில் அது ஏறத்தாழ 7 டிகிரி. தொட்டியில் 7 முதல் 11-க்குள் ஏதோ ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். நான் எட்டில் இருக்கிறேன். ஒன்பதில் இருப்பவர் என்னைவிடக் கெட்டிக்காரரும் இல்லை, முட்டாளும் இல்லை. ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். கல்சியத்தை மட்டும் அளந்துவிட்டு 'எல்லாம் சரி' என்று இருக்கவும் வேண்டாம். பவளம் எலும்பு கட்டும்போது ஒரு டிகிரி கேஎச் குறைந்தால் கல்சியம் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம்தான் குறையும். 420-இல் ஏழு குறைந்ததை வீட்டுச் சோதனைப் பெட்டி காட்டாது. எட்டு ஏழானதைக் காட்டும்.

கேஎச் உண்மையிலேயே குறைவாக இருந்தால் சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடா போதும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் அல்ல, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். 100 லிட்டருக்கு ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 3 கிராம். அதே சோடாவை அடுப்பில் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டால் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அப்போது 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போதும், பிஎச்சும் கொஞ்சம் ஏறும். சுடாமல் போட்டால் பிஎச் முதலில் சற்று இறங்கும், பயப்படாதீர்கள். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள்.

நான் நாள்தோறும் பயன்படுத்துவது சுண்ணாம்பு நீர். எழுபதுகளில் பீட்டர் வில்கன்ஸ் என்பவர் ஐரோப்பியத் தொட்டிக்காரர்களிடம் பரப்பிய முறை. தூய கல்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் கலந்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது கல்சியமும் தரும், கேஎச்சும் தரும், கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் பிடித்துவிடும். என் தொட்டிக்கு நாளுக்கு ஒரு லிட்டர் விட்டால் அரை டிகிரிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. பவளங்கள் உண்பதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக மட்டுமே இதை விட முடியும், அதுதான் இதன் எல்லை. தெளிநீரின் பிஎச் 12-க்கு மேல். தண்ணீர் மட்டத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் மிதவை சிக்கி மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கினால் காலையில் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளின் கை படாத இடத்தில் வையுங்கள்.

அத்தை வெற்றிலை போடுபவர். ஒருநாள் சுண்ணாம்பு நீர் இருந்த வாளியின் மூடியைத் திறந்தார். மேலே கண்ணாடிபோல மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. அதை விரல் நுனியால் தொட்டு உடைத்துப் பார்த்துவிட்டு, 'ஏம்மா, இது சுண்ணாம்புத் தெளிவுதானே? இதற்கா டப்பா டப்பாவாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறாய்?' என்றார். பொருள் அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் இன்னும் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஆடை காற்றிலிருந்த கரியமில வாயு பட்டு உண்டான சுண்ணாம்புக்கல். வாளியை மூடி வைக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். அதற்குள் மாமா, இவ்வளவு மீன் இருந்தும் குழம்புக்கு ஒன்றும் ஆகாது என்று தொடங்கிவிட்டார். அந்தக் கதை வேண்டாம்.

'பிஎச் முக்கியமே இல்லை என்கிறாயா' என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. பிஎச் இறங்கிய அந்த மாதங்களில் பவளங்கள் கேஎச்சை உண்பதும் சற்றுக் குறைந்தது என் நோட்டில் தெரிகிறது, அதாவது வளர்ச்சி மந்தம். ஆனால் ஒன்றும் சாகவில்லை. 7.8-க்கும் 8.4-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும் தொட்டியை நான் தொடமாட்டேன். 8.5-ஐத் தாண்டினால் சுண்ணாம்பை நிறுத்துவேன்.

இன்னொன்று, 'கடலில் பவளம் அழிகிறது, நீ கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறாய்' என்பவர்களுக்கு: என்னிடம் இருப்பவை பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள். இந்தியாவிலிருந்து கேட்பவர் என்றால் கவனமாக இருங்கள். கல்பவளங்கள் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், செத்த பவளமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்த நாளில் மாலையில் ஒரு பிஎச், மூடி வைத்த நாளில் அதே நேரத்தில் ஒரு பிஎச், கூடவே கேஎச், தொட்டித் தண்ணீர் தயாரிக்க எந்தக் கடலுப்பு என்பதையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சில உப்புகள் கரைத்ததுமே பன்னிரண்டு டிகிரி காட்டும், சில ஏழு. பிரிக்காத பொடி டப்பா ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுக்க முயலுங்கள். எங்கள் கடைக்காரர் வாங்கமாட்டார். அண்ணனை அனுப்பினால் ஒருவேளை வாங்குவார்.